உங்கள் பெயரில் இன்னொருவர்: மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சுயஉதவிக் குழுக்களின் உறுப்பினர்களுக்கும், ஊக்குநர்களுக்கும், பிரதிநிதிகளுக்கும்,

அடையாளத் திருட்டில் களவு போகும் பொருள் வீட்டிலேயே இருக்கும். ஆதார் அட்டை பீரோவில் இருக்கும், பாஸ்புக் பையில் இருக்கும், கைபேசி கையில் இருக்கும். அவற்றில் உள்ள எண்ணையும் படத்தையும் ரேகையையும் கொண்டு வேறொருவர் கடன் வாங்கியிருப்பார், சிம் வாங்கியிருப்பார், கணக்குத் தொடங்கியிருப்பார், சில நேரம் கம்பெனியே நடத்திக்கொண்டிருப்பார். பூட்டு உடையவில்லை என்பதால் திருட்டு தெரியவர மாதங்கள், ஆண்டுகள்கூட ஆகிவிடுகின்றன. ஆனால் அதற்குள் அறிகுறிகள் பலமுறை வந்துபோயிருக்கும். கேட்காத ஓடிபி ஒன்று வரும். வாங்காத பாமாயிலுக்கு ரேஷன் கடையிலிருந்து குறுஞ்செய்தி வரும். பழக்கமில்லாத பெயருக்கு ஒரு கடிதம் உங்கள் முகவரிக்கு வரும். ஒவ்வொன்றும் யாரோ எங்கோ செய்த கைத்தவறு போலவே தோன்றும். திருடுகிறவருக்கு அவகாசம் கொடுப்பது அந்தத் தோற்றம்தான்.

இந்த மடலை உங்கள் முகவரிக்கு எழுதக் காரணம் இருக்கிறது. அடையாளச் சான்றின் நகலை இத்தனை அடிக்கடி, இத்தனை பேரிடம், கட்டாகச் சேர்த்துக் கொடுப்பவர்கள் உங்களைப் போல் அதிகம் இல்லை. வங்கிக் கடனுக்கு ஒரு செட், மைக்ரோ ஃபைனான்ஸ்காரர்களுக்கு ஒரு செட், காப்பீட்டுக்கு ஒரு செட், பயிற்சிக்கு ஒரு செட். ஒரு செட்டில் ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், இரண்டு புகைப்படம், பல இடங்களில் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவம். கடன் கிடைக்காமல் போனாலும் அந்தக் கட்டு திரும்பி வருவதில்லை. கேட்டால் 'ஆபீஸ்ல இருக்கும்' என்ற பதிலோடு முடிந்துவிடும். உங்கள் பெயரில் கடன் வாங்க வேண்டிய எல்லாமும் ஒரே கிளிப்பில் மாட்டி எங்கோ ஒரு அலமாரியில் கிடக்கிறது என்பதே அதன் பொருள். இதில் உங்களைக் குறை சொல்ல இடமில்லை. கொடுக்காவிட்டால் கடன் இல்லை என்று சொல்லப்படும்போது யாரும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அரசுத் தரப்பும் இதில் தெளிவாகப் பேசியதில்லை. ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள் என்று 2022 மே மாத இறுதியில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்புண்டு என்று சொல்லி இரண்டே நாளில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அறிவிப்பு போய்விட்டாலும் மறைப்பு ஆதார் இன்றும் செல்லும், இணையத்தில் இலவசமாக எடுக்கலாம்.

உங்களிடையே அதிகம் காணப்படும் அறிகுறி கடனில்தான் தொடங்குகிறது. கூட்டத்துக்கு வரும் கடன் நிறுவன ஊழியர் கருவியைப் பார்த்துவிட்டு, 'அக்கா, சிஸ்டத்துல உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு லோன் ஓடுது, உங்களுக்கு வராது' என்பார். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சு நின்றுவிடுகிறது. பக்கத்து ஊர்க்காரி யாரோ அதே பெயரில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வேறு நிறுவனத்தைத் தேடிப் போகிறீர்கள். அங்கேயும் அதே பதில் வருகிறது. ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளின்படி, மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் என்பது ஆண்டு வருமானம் ரூ.3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு கேட்காமல் தரப்படும் கடன். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஆகவே நீங்கள் வாங்காத ஒரு கடன் உங்கள் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் வாங்க நினைக்கும் கடனுக்கு இடமே இருக்காது. மறுப்பு என்பது இங்கே ஒரு தகவல். எந்த நிறுவனத்தின் கடன், எந்தத் தேதியில் கொடுத்தது என்று அப்போதே கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

அதைவிட நல்லது, கடன் அறிக்கையை நீங்களே எடுப்பது. இந்தியாவில் நான்கு நிறுவனங்கள் எல்லோருடைய கடன் வரலாற்றையும் வைத்திருக்கின்றன: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையில் உள்ள விதி. சிபில் ஒன்றே எல்லாம் என்ற எண்ணம் உங்களிடம் பரவியிருக்கிறது. குழுக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் வெகுகாலமாக ஹைமார்க்கையும் ஈக்விஃபேக்ஸையும்தான் அதிகம் பார்த்துவந்திருக்கின்றன. எனவே ஒன்றில் எதுவும் இல்லை என்பதால் நிம்மதியாகிவிட முடியாது.

அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் மதிப்பெண்ணில்தான் விழும். 300 முதல் 900 வரை போகும் அந்த எண்ணால் இந்த விஷயத்தில் பெரிய பயன் இல்லை. முதலில் பார்க்க வேண்டியது முகவரியும் தொலைபேசி எண்ணும் உள்ள பகுதி. நீங்கள் ஒருநாளும் குடியிருக்காத ஊரின் முகவரியோ, வீட்டில் யாருக்கும் சொந்தமில்லாத கைபேசி எண்ணோ அங்கே இருந்தால், உங்கள் பெயரில் வேறொருவர் விண்ணப்பித்திருக்கிறார் என்று சந்தேகிக்கலாம். அடுத்து கணக்குகள். கடன் கொடுத்தவர், தொடங்கிய தேதி, தொகை, மாதவாரியாகத் தவணை கட்டிய விவரம் எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசிப் பக்கங்களில் விசாரணைப் பட்டியல் ஒன்று வரும். எந்த நிறுவனம், எந்த நாளில், எவ்வளவு கடனுக்காக உங்கள் அறிக்கையைக் கேட்டது என்பது அதில் பதிவாகியிருக்கும். கணக்குப் பகுதியில் ஒன்றும் இல்லாமல் விசாரணைப் பட்டியலில் மட்டும் அறியாத பெயர் இருந்தால், யாரோ முயன்று பார்த்திருக்கிறார், இன்னும் பணம் கைமாறவில்லை. தடுப்பதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அறிக்கையை யாராவது எடுத்துப் பார்த்தால், பதிவில் உள்ள கைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ தகவல் அனுப்ப வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. விளம்பரம் என்று நினைத்துப் பலரும் அழித்துவிடும் செய்திகளில் இதுவும் சேர்ந்துவிடுகிறது.

தொகை சிறிது என்று விட்டுவிடுவதும் சரியில்லை. 2022-ல் இந்தி நடிகர் ராஜ்குமார் ராவ் தன் பான் எண்ணைப் பயன்படுத்தி யாரோ ரூ.2,500 கடன் எடுத்துவிட்டதாகவும், அதனால் தன் சிபில் பாதிக்கப்பட்டதாகவும் வெளிப்படையாக எழுதினார். அவருக்கே அது பிறகுதான் தெரிந்தது. ரூ.2,500 கட்டாமல் போனாலும் கடன் தவறியவர் என்றுதான் பதிவாகும்.

கைபேசியில் வரும் அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவை கண்ணெதிரே வருபவை. எதற்கும் விண்ணப்பிக்காதபோது ஆதார் ஓடிபி வந்தால், யாரோ உங்கள் எண்ணை எங்கோ உள்ளிட்டிருக்கிறார். வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றுவதற்கான எட்டு எழுத்துக் குறியீடு கேட்காமலே வந்தாலும் அப்படித்தான். நன்றாக இருந்த சிக்னல் திடீரென்று முற்றிலும் நின்று, பக்கத்தில் இருப்பவரின் அதே நிறுவன சிம் வேலை செய்தால், உங்கள் எண்ணுக்கு வேறு சிம் எடுக்கப்பட்டிருக்கலாம். கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் ஒன்பது வரை இருக்கலாம் என்பதால், ஏழெட்டு சிம் வரை எடுத்தாலும் எந்த எச்சரிக்கையும் வராது. உங்களுடையது இல்லை என்று அதே இடத்தில் குறித்தால் அந்த எண்ணின் மீது நடவடிக்கை தொடங்கும்.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். உங்களில் பலருடைய ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் இணைந்திருப்பது உங்கள் எண் அல்ல. கணவர் எண், மகன் எண், சில குழுக்களில் ஊக்குநரின் எண். எச்சரிக்கை வந்தாலும் அது உங்களுக்கு வராது. மகன் திருப்பூரில் வேலையில் இருந்துகொண்டு 'அம்மாவுக்கு ஏதோ மெசேஜ்' என்று தள்ளிவிடும் குறுஞ்செய்தியில்தான் முதல் அறிகுறி போய்விடுகிறது. ஒரே ஊக்குநரின் எண்ணில் பத்துப் பேரின் கணக்கு இருந்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த ஏற்பாடு நல்லதல்ல.

வங்கிக் கணக்கில் பணம் குறைந்தால் எல்லோரும் கவனிக்கிறீர்கள். ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை ஆகிய மூன்றும் இருந்தால் ஓடிபி இல்லாமலே பணம் எடுக்கலாம், ஒருமுறைக்கு ரூ.10,000 வரை. ஊருக்குள் கருவியோடு வரும் வங்கி முகவர் முறை இதை நம்பித்தான் நடக்கிறது, முதியோர் உதவித்தொகை வாங்குபவர்களுக்கு அது பெரிய வசதி. மோசடியும் இதே வழியில் வருகிறது. 'சர்வர் போகலை, இன்னொரு தடவை விரலை வைங்க' என்று இரண்டு மூன்று முறை வைக்கச் சொன்னால், ஒவ்வொரு முறையும் ரசீது கேட்க வேண்டும். தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கும் ரசீது உண்டு. தெலங்கானாவில் 2018-ல் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை நகலெடுத்து சிம் வாங்கிய வழக்கும், மேற்கு வங்கத்தில் 2023-ல் ரேகை நகலால் பணம் எடுத்த வழக்குகளும் வெளிவந்தன. ஆதார் தளத்தில் கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியல் இருக்கிறது. தேதி, நேரம், ரேகையா ஓடிபியா, வெற்றியா தோல்வியா என்பது வரை அதில் தெரியும். வீட்டில் இருந்த நாளில் ரேகைச் சரிபார்ப்பு நடந்திருந்தால் அது கணக்கில் பணம் குறைவதற்கு முன்பே தெரிந்துவிடும். ரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் அதே தளத்தில் உண்டு. ஆனால் ரேஷன் கடையில் ஆதார் ரேகை வைப்பவர்கள் அந்த நேரத்துக்குத் திறந்துகொள்ள வேண்டியிருக்கும், இந்தத் தொல்லையைச் சொல்லாமல் பூட்டுங்கள் என்று மட்டும் சொல்வது நியாயமாகாது.

பணம் குறைவதைக் கவனிக்கும் நீங்கள், வராததையும் கூடுதலாக வருவதையும் அறிகுறியாக நினைப்பதில்லை. எரிவாயு மானியம் போன்ற அரசுத் தொகைகள் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகின்றன. திடீரென்று ஒரு மாதம் வராமல் நின்றால், அலுவலகத்தில் கேட்பதோடு, ஆதார் இப்போது எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதையும் ஆதார் தளத்தில் பார்க்க வேண்டும். 2017-ல் நாடு முழுவதும் பலருக்கு, சிம் சரிபார்ப்புக்கு வைத்த ரேகையில் ஏர்டெல் பேமெண்ட்ஸ் பேங்க் கணக்கும் தொடங்கப்பட்டு எரிவாயு மானியம் அங்கே போனதாகப் புகார் எழுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் ஆதார் சரிபார்ப்பு அனுமதியை நிறுத்தி வைத்தது.

காரணமில்லாமல் பணம் வருவது அதைவிட ஆபத்து. விவசாயிகளுக்கான பிஎம் கிசான் திட்டத்தில் 2020-ல் தமிழ்நாட்டில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் நிலமே இல்லாதவர்களிடம் கொரோனா நிவாரணம் வரும் என்று சொல்லி ஆதாரையும் கணக்கு எண்ணையும் வாங்கி, விவசாயிகளாகப் பதிந்தார்கள் இடைத்தரகர்கள். 5 லட்சத்துக்கும் அதிகமான தகுதியற்ற பெயர்கள், சுமார் ரூ.110 கோடி. வந்த பணத்தில் ஒரு பங்கைத் தரகர் வாங்கிக்கொண்டார். திரும்பக் கட்டச் சொன்னபோது முழுத் தொகைக்கும் பதில் சொன்னவர் கணக்குக்குச் சொந்தக்காரர்தான். இன்று அதே வேலை வேறு வடிவில் நடக்கிறது. 'உங்க கணக்குல கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் குடுத்தா கமிஷன்' என்று கேட்பார்கள். அந்தப் பணம் வேறெங்கோ ஏமாந்த ஒருவருடையது. விசாரணை வரும்போது வெளிமாநிலக் காவல்துறையின் கோரிக்கையின் பேரில் உங்கள் கணக்கு முடக்கப்படும். வங்கி மேலாளருக்கும் அதற்குமேல் விவரம் தெரிந்திருக்காது.

வரித்துறைக் கடிதம் வருவது கடைசிக் கட்டம். கூலி வேலை செய்பவர் பெயரில் கம்பெனி பதிந்து கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி பாக்கி என்று நோட்டீஸ் வரும் செய்திகளைப் படித்திருப்பீர்கள். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஜிஎஸ்டி இணையதளத்தில் உள்நுழையாமலே பான் எண்ணைக் கொடுத்துத் தேடலாம். அந்தப் பானில் பதிவு இருந்தால், 15 இலக்க எண் ஒன்று வரும். தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33 என்று தொடங்கி, அடுத்த பத்து இடங்களில் உங்கள் பான் அப்படியே இருக்கும். ஒருநாளும் வேலை பார்க்காத நிறுவனம் உங்களுக்குச் சம்பளம் கொடுத்ததாக வருமான வரித் தளத்தின் 26ஏஎஸ் படிவத்தில் இருந்தாலும், பானுக்கு முதல்முறை விண்ணப்பிக்கும்போது ஏற்கெனவே பான் இருக்கிறது என்று திரும்பி வந்தாலும் கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

இவ்வளவு அறிகுறிகளும் ஏன் வீணாகின்றன? தெரியாமை ஒரு காரணம்தான். அதைவிடப் பெரியது கூச்சம். 'உன் பேர்ல லோன் இருக்குன்னா நீதான் எங்கயோ கையெழுத்துப் போட்டிருப்ப' என்று வீட்டில் கேட்பார்கள் என்ற பயம். எடுத்தவர் நாத்தனாராகவோ, தெருக்காரராகவோ, குழுவின் முன்னாள் பிரதிநிதியாகவோ இருக்கலாம் என்ற சந்தேகம் வந்ததும் வாய் அடைத்துப்போகிறது. கூட்டுப் பொறுப்புக் கடனில் சிக்கல் இன்னும் கூடும். வாங்காதவர் கட்ட மறுத்தால், அவருக்காக மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று வசூலுக்கு வருபவர் கூட்டத்தையே உட்கார வைக்கிறார். அந்த இடத்தில் ஏமாந்தவரைக் குழுவே எதிரியாகப் பார்க்கத் தொடங்குகிறது. அவரும் வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு அடங்கிப்போகிறார். கட்டிய நாளிலிருந்து அது அவருடைய கடனாகவே ஆகிவிடுகிறது.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு. உங்கள் ஆதாரில் கடத்தல் பார்சல் வந்திருக்கிறது, வீடியோவில் விசாரணை, வீட்டை விட்டு நகரக் கூடாது என்று காவல் உடையில் பேசுபவரும் அடையாளத் திருட்டு என்றுதான் தொடங்குவார். வீடியோவில் கைது செய்யும் முறை சட்டத்தில் இல்லை. வந்த செய்தியில் உள்ள எண்ணுக்கோ இணைப்புக்கோ போகாமல், வங்கிக் கிளைக்கோ காவல் நிலையத்துக்கோ நேரில் போய்க் கேட்டால் மெய்யும் பொய்யும் பிரிந்துவிடும்.

அறிகுறி உறுதியானால் நேரம் முக்கியம். பணம் போயிருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால், உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாமவர் எடுத்த பணத்துக்கு உங்களுக்குப் பொறுப்பில்லை என்கிறது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி இட்ட உத்தரவு. பொய்க் கடன் என்றால், கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் கடன் அறிக்கை நிறுவனத்துக்கும் எழுத்தில் மறுப்புக் கொடுக்க வேண்டும். 30 நாட்களில் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு உண்டு. பிறகும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர், உதவி எண் 14448. காவல் நிலையத்தில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவைக் குறிப்பிடலாம். பிறரின் மின்னணு அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறையும் ரூ.1 லட்சம் வரை அபராதமும் அதில் உண்டு. எஃப்ஐஆர் போடத் தயங்கினாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது இல்லாமல் நிலையத்தை விட்டு வரக் கூடாது. மற்ற எல்லா இடத்திலும் முதலில் கேட்கப்படும் காகிதம் அதுதான்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியவை. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்காக ஒதுக்குங்கள். நான்கு நிறுவனங்களின் இலவச அறிக்கையையும் ஒரே நாளில் எடுக்காமல், காலாண்டுக்கு ஒன்றாக எடுத்தால் ஆண்டு முழுவதும் காவல் கிடைக்கும், செலவும் இல்லை. படிக்கத் தெரிந்த மகளோ மருமகளோ குழுவில் ஒருவருக்காவது இருப்பார். அவரை அழைத்து உட்கார வையுங்கள், கைபேசியும் ஓடிபியும் மட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். பாஸ்புக்கில் அன்றுவரை பதிவு போட்டு எடுத்து வந்து, தெரியாத வரவையும் பற்றையும் உரக்கப் படியுங்கள்.

ஊக்குநர்களிடம் தனியாக ஒரு கோரிக்கை. யார், எந்தத் தேதியில், எந்தக் கடனுக்காக நகல் வாங்கிப் போனார் என்று ஒரு நோட்டில் எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வொரு நகலின் குறுக்கேயும் எதற்காக, எந்த நாளில் கொடுத்தது என்பதை உறுப்பினரே எழுதட்டும். நிறைவேறாத விண்ணப்பத்தின் கட்டைத் திரும்பக் கேளுங்கள். உங்கள் வீட்டு அலமாரியில் உள்ள பழைய செட்டுகளை உறுப்பினர்கள் முன்னிலையில் கிழித்துவிடுங்கள். உங்கள் எண்ணில் இருக்கும் மற்றவர்களின் கணக்குகளை அவரவர் எண்ணுக்கு மாற்றச் சொல்லுங்கள். உங்கள் மீது ஒருநாள் வரக்கூடிய பழியிலிருந்து உங்களைக் காப்பதும் அதுவே.

எல்லோரிடமும் கேட்பது இன்னொன்று. உறுப்பினர் ஒருவர் 'இந்தக் கடனை நான் வாங்கவில்லை' என்று சொன்னால், எழுத்துப் புகார் கொடுத்து அதற்கு ஒப்புகை வாங்கும்வரை குழுப் பணத்திலிருந்தோ தனியாக வசூலித்தோ அந்தத் தவணையைக் கட்டாதீர்கள். புகார் கொடுக்க அவரைத் தனியே அனுப்பாமல் இருவர் உடன் செல்லுங்கள். இதைப் பேச்சோடு விடாமல், அடுத்த கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள்.